பத்தொன்பது நிமிடம்

“கிலோமீட்டர் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். உட்கார்ந்தா எத்தனை மணி நேரம் கழிச்சு எழுந்திருக்கணும், அதை மட்டும் சொல்லு” என்றாள் அம்மா.

காலை ஐந்தரை மணி. கூடத்தின் நடுவில் அம்மாவின் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்காகப் பதினாறு சட்டைகள் அதற்குள் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் அம்மாவே தைத்தவை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

“ஆறரை மணி நேரம்மா” என்றாள் மகள், ஷூ கயிற்றைக் கட்டியபடி.

“நடுவுல எங்கேயும் இறங்காதே?”

“இறங்காது.”

“என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.”

அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். பொய் சொல்லும்போது கண்ணைச் சிமிட்டக் கூடாது என்பது அவளுக்கும் அம்மாவுக்கும் இடையில் இருபத்தேழு வருடமாக நடக்கும் போட்டி. இன்றைக்கு அவள் ஜெயித்தாள். ஜெயித்ததில் சந்தோஷம் இல்லை.

தங்கை இருக்கும் நகரமும் இவர்களுடைய நகரமும் ஒரே கண்டம்தான். ஆசியாவின் இந்த ஓரத்தில் இது, மேற்கே வெகு தூரம் தள்ளி அது. போன வருடம் அம்மா அங்கே போனபோது நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தது. முட்டிவலியோடு ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் அடுத்த விமானம் கிளம்பிவிட்டது. பாஷை தெரியாத ஊரில், தண்ணீர்க் குழாய் பக்கத்து நாற்காலியில், பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்ததும் அறிவித்துவிட்டாள்: “ஏறினா இறங்குற இடம் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா என்னை மறந்துடுங்க.”

இப்போது தங்கைக்கு நாளைக் காலை ஏழு மணிக்குப் பிரசவ அறுவை சிகிச்சை என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். மாப்பிள்ளை கப்பல் எஞ்சினியர். எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே சரியாகத் தெரியுமோ என்னவோ. ஆஸ்பத்திரிக்குள் போகும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா.

நல்ல வேளையாக, மகள் வேலை பார்க்கும் சிறிய விமான நிறுவனம் சரியாக அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே நேரடி விமானம் விட ஆரம்பித்திருந்தது. கெட்ட வேளையாக, அது இதுவரை மூன்றே முறை பறந்திருந்தது. முதல் முறை பாதிக் கூட்டம்தான், கனமில்லை, போய்ச் சேர்ந்தது. இரண்டாவது முறை எரிபொருள் போதாமல் நடுவழியில் இறங்கியது. நிரப்பி முடிப்பதற்குள் விமானிகளின் வேலை நேரம் தீர்ந்துபோய்ப் பயணிகள் விடியும்வரை நாற்காலிகளில் கிடந்தார்கள். மூன்றாவது முறை அதே பயத்தில் இருபத்தெட்டுப் பேரை இங்கேயே இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் மேலிடம் கண் விழித்துக்கொண்டது. நான்காவது விமானமும் சொதப்பினால் அடுத்த மாதத்திலிருந்து அந்த வழியே கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது.

நான்காவது விமானம் இன்று காலை பத்து பத்துக்கு. அதில் பதினேழாவது வரிசை, நடைபாதை ஓர இருக்கை, அம்மாவுடையது. விமானம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது மகளுடைய வேலை.

*

திட்ட அறையில் ஜன்னல் கிடையாது. வானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஐந்து பேர் வானத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் அறை அது. ஆறு திரைகள், ஓயாமல் இருமும் ஒரு பிரிண்டர், ஒரு பக்கம் மட்டும் குளிரும் ஏ.சி. சுவரில் பெரிய வரைபடம். அதில் நிறுவனம் பறக்கும் ஊர்களுக்கெல்லாம் குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி சிவப்பு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. நூல்கள் எல்லாம் தம்புரா தந்திபோல விறைப்பாக நிற்கும். தொய்வு கண்டால் பிரிவுத் தலைவருக்குத் தாங்காது. தானே நாற்காலி போட்டு ஏறி இறுக்குவார்.

அதனால் அவருக்குப் பெயர் ஸ்கேல். முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘ஸ்கேல்’. பதினோரு வருடங்களில் தம் விமானங்கள் ஒரு கிலோமீட்டர்கூட வீணாகப் பறந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதற்காகக் கொடுத்த கேடயம் மேஜையில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பதினோரு வருடமும் நிறுவனம் பறந்ததெல்லாம் நாற்பது நிமிட, ஐம்பது நிமிடத் தாவல்கள். ஏறி, காபி கொடுத்து, கோப்பையைப் பொறுக்குவதற்குள் இறங்கிவிடும். அந்த அளவுக்குத் தூரமும் நேரமும் ஒன்றேதான். நேர்கோட்டில் போனால் சீக்கிரம் போகலாம். திட்டம் போடும் மென்பொருளில் வழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘மிகக் குறைந்த தூரம்’ என்ற கட்டத்தில் யாரோ ஒரு நாள் டிக் அடித்திருந்தார்கள். பதினோரு வருடமாக யாரும் அதைத் தொடவில்லை. புதிய நீண்ட வழி வந்தபோதும் தொடவில்லை. புது ஊசி குத்தி, புது நூல் இழுத்தார்கள். நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது கிலோமீட்டர், ஒரே விறைப்பு.

அவளுக்கு அந்த அறையில் பெயர் காத்தாடி. எந்நேரமும் காற்று வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால். பூமிக்குப் பத்து கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஓர் ஆறுபோல ஓடும். கரை உண்டு, நடு உண்டு, சுழல்கூட உண்டு. நடுவில் மாட்டினால் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் மூஞ்சியில் அறையும். மேற்கே போகும் விமானம் அந்த ஆற்றை எதிர்த்து நீந்த வேண்டும். அதைத் திரையில் நீலமும் ஊதாவுமாகப் பார்க்கும்போதெல்லாம், தன் வீட்டுக் கூரைக்கு மேலே யாருக்கும் தெரியாமல் இவ்வளவு பெரிய ஆறு ஓடுகிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் கிறக்கமாக இருக்கும்.

மூன்று வாரமாக அவள் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொரு நிறுவனத்தின் விமானம், இவர்களுடைய நகரத்துக்கும் கிழக்கே உள்ள ஓர் ஊரிலிருந்து கிளம்பி, அதே மேற்கு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தூரம் அதிகம். ஆனாலும் நேரம் குறைவு. அது நேராகப் போகவில்லை. தெற்கே வில்லாக வளைந்து போயிற்று. சில நாள் கொஞ்சம் வளையும், சில நாள் நிறைய. ஒவ்வொரு நாளும் டைரியில் குறித்துவைத்தாள். காற்று ஆற்றின் நடுவை விட்டு ஒதுங்கி, கரையோரமாக நீந்துகிறார்கள்.

போன வாரம் ஸ்கேலிடம் சொல்லியும் பார்த்தாள்.

“நம்ம விமானம் என்ன வாடகைக் காரா, மீட்டர் ஓட்டறதுக்குச் சுத்திக் காட்ட?” என்றார் அவர். அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். என்ன செய்வது.

*

இன்று ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தபோது காற்று இன்னும் மோசமாகியிருந்தது. சிவப்பு நூல் போகும் வழியில் நட்டநடுவே ஊதா நிறம் அப்பிக் கிடந்தது. மென்பொருள் வழக்கம்போல நேர்கோட்டைப் போட்டுக் கணக்குச் சொன்னது: ஆறு மணி நேரம் முப்பத்தொரு நிமிடம். எல்லோரையும் ஏற்றினால் எரிபொருள் அறுநூறு கிலோ துண்டு விழும்.

பக்கத்து மேஜைக்காரருக்குத் தராசு என்று பெயர். ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாவற்றையும் எடை போட்டு, விமானம் தாங்குமா என்று பார்ப்பவர். மனுஷனைப் பார்த்தாலே கிலோவில் யோசிப்பார்.

“அறுநூறு கிலோவா. ஆறு பேர், பெட்டியோட. இல்லேன்னா ஏழு பேர். யாரை இறக்கலாம்னு பட்டியல் எடுக்கட்டுமா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கடைசியா டிக்கெட் எடுத்தவங்களைத்தான் முதல்ல இறக்கணும். விதி அது. உங்க அம்மா எப்ப எடுத்தாங்க?”

“முந்தாநாள்.”

தராசு பேனாவை மூடிவைத்துவிட்டார். “டீ குடிக்கிறியா?” என்றார்.

“வேண்டாம்ணே. அரை மணி நேரம் பட்டியலைத் தொடாம இருங்க. அது போதும்.”

மென்பொருளின் அந்த டிக்கை மாற்றும் உரிமை ஸ்கேலுக்கு மட்டும்தான். ஆனால் வழியைக் கையால் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. டைரியைத் திறந்துவைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக, தெற்கே வளைத்து இழுத்தாள். அந்த வானத்துக்கும் நிறுவனம் ஏற்கனவே அனுமதி வாங்கித்தான் வைத்திருந்தது, புயல் வந்தால் ஒதுங்க உதவும் என்று. காற்றை ஏற்றினாள். கணக்கு வந்தது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். நூலைவிட இருநூற்றுத் தொண்ணூறு அதிகம். பறக்கும் நேரம், ஆறு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்.

பத்தொன்பது நிமிடம் குறைவு. பத்தொன்பது நிமிடத்துக்கு விமானம் குடிப்பது ஏறக்குறைய எண்ணூறு கிலோ. அறுநூறு துண்டு போய், இருநூறு மிச்சம்.

நம்பாமல் மறுபடி போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள். பிறகுதான் எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். இந்தக் காகிதத்தை நீட்டினால் ஸ்கேலின் கண் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். மேலே முதல் கட்டத்துக்குத்தான். தூரம். அதைப் பார்த்ததும் வாடகைக் கார் வெளியே வந்துவிடும். மீதியை அவர் படிக்கவே மாட்டார்.

இரண்டு திட்டங்களையும் அச்சடித்தாள். இரண்டிலும் தூரம் எழுதியிருந்த இடத்தில், ஞாபகக் குறிப்புக்கு ஒட்டும் மஞ்சள் சீட்டு ஒவ்வொன்று ஒட்டினாள். ஒன்றில் ‘அ’ என்று எழுதினாள். இன்னொன்றில் ‘ஆ’.

“சார், இன்னைக்கு ரெண்டு வழி இருக்கு. எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஸ்கேல் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். ‘அ’வைப் பார்த்தார். “ஆறு முப்பத்தொண்ணு. அறுநூறு குறையுது.” ‘ஆ’வைப் பார்த்தார். “ஆறு பன்னிரண்டு. இருநூறு மிச்சம்.” மறுபடி இரண்டையும் பார்த்தார். “இதுல கேக்க என்ன இருக்கு? குழந்தைகூடச் சொல்லும். ஆ.”

“கையெழுத்துப் போடுங்க சார்.”

போட்டார். போட்ட பிறகுதான் விரல் மஞ்சள் சீட்டுக்குப் போயிற்று. உரித்தார். அறையில் பிரிண்டர்கூட இருமலை நிறுத்திக்கொண்டதுபோல இருந்தது. தராசு திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“இருநூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர் அதிகம்” என்றார் ஸ்கேல் மெதுவாக. “நீ என்னை ஏமாத்திட்டே.”

“தூரத்தைத்தான் சார் மறைச்சேன். நேரத்தை மறைக்கலை.”

அவர் சுவர் வரைபடத்தைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்துகொண்டே போயிற்று. அவள் மனசுக்குள் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

“காத்து மாறிட்டா?”

“ஆறு மணி நேரத்துக்குள்ள மாறாது. மூணு வாரம் பார்த்திருக்கேன் சார், இதோ.” டைரியை நீட்டினாள்.

ஸ்கேல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கையெழுத்தை அடிக்கவில்லை. “கேப்டன் ஒத்துக்கிட்டாத்தான்” என்றார் கடைசியில். “பறக்கப் போறது அவர்தான். உன் டைரி இல்லை.”

*

கேப்டன் நாற்பது வயதுக்காரர். சிகரெட்டை விட்டதிலிருந்து எந்நேரமும் வாயில் ஒரு மிட்டாய். ஒன்பது மணிக்குத் திட்டத்தை வாங்கி, நின்றபடியே படித்தார். மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போயிற்று.

“யார் போட்டது?”

“நான்தான்.”

“உங்க அம்மா இதுல வர்றாங்களாமே. தராசு சொன்னார்.”

அவள் தராசை முறைத்தாள். “ஆமா கேப்டன்.”

“அம்மாவை ஏத்தி அனுப்பறதுக்காகக் கணக்கை வளைக்கலையே?”

“அம்மா வர்றாங்கன்னுதான் மூணு தடவை போட்டேன். இல்லேன்னா ஒரு தடவையோட விட்டிருப்பேன்.”

கேப்டன் சிரித்தார். “பாதி தாண்டினதும் ஓர் இடம் வரும். அங்கே எரிபொருள், அந்த இருநூறு மிச்சத்தையும் சேர்த்து, நீ எழுதின அளவுக்கு ஒரு கிலோ குறைஞ்சாலும் நான் இறங்கிடுவேன். அவசரத்துக்குன்னு வெச்சிருக்கிறதைத் தொட மாட்டேன். சரியா?”

“சரி.”

கையெழுத்துப் போட்டு, பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதே முக்காலுக்கு அம்மாவிடமிருந்து போன். “இங்கே ஒரு பையன் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்றான், நாலாயிரத்து அறுநூத்தம்பது கிலோமீட்டராம். சரிதானே?”

“கிலோமீட்டர் வேண்டாம்னு சொன்னது நீதானே?”

“சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

“நீ கொஞ்சம் கூடவே போறேம்மா. முந்நூறு கிலோமீட்டர்.”

“எதுக்குடி? நான் என்ன ஊர் சுத்தவா போறேன்?”

“நான் போட்ட வழி அது. நம்பு.”

மறுமுனையில் அம்மா பக்கத்தில் யாரிடமோ பெருமையாகச் சொல்வது கேட்டது: “என் பொண்ணு போட்ட வழியாம். அதான் சுத்துது.”

ஒருவர்கூட இறக்கப்படவில்லை. பத்து பத்துக்குக் கிளம்ப வேண்டியது பத்து இருபதுக்கு மேலே ஏறியது.

*

அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. திட்டம் போடுகிறவர்களின் தலையெழுத்து அது. மற்றவர்கள் பறப்பார்கள், இவர்கள் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதியம்வரை அவள் வேறு ஏழு விமானங்களுக்குத் திட்டம் போட்டாள். ஏழும் நாற்பது நிமிடத் தாவல்கள். கண் மட்டும் அடிக்கொரு தரம் ஓரத்துத் திரைக்கு ஓடியது. புள்ளி நூலை விட்டுப் பிரிந்து, தெற்கே, தனியாக, யாரும் இல்லாத பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் பதினேழாவது வரிசையில் அம்மா முட்டியை நீட்டி உட்கார்ந்திருப்பாள். பதினாறு சட்டைகளும் கீழே இருட்டில் இருக்கும்.

முதல் செய்தி பன்னிரண்டரைக்கு வந்தது. கிளம்பும்போது ஓடுபாதைக்கு வரிசையில் நின்றதில் எரிபொருள் கூடக் கரைந்திருந்தது. திட்டத்தைவிடத் தொண்ணூறு கிலோ குறைவு.

ஸ்கேல் தம் மேஜையிலிருந்தே கேட்டார். “எவ்வளவு?”

“தொண்ணூறு கம்மி சார்.”

அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஒரே பக்கத்தைப் படித்தார். தராசு மூன்று டீ வாங்கி வந்தார், மூன்றையும் அவரே குடித்தார். அவள் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து மடித்ததில் அது நார்நாராகப் போயிற்று. பாதி தாண்டியதும் வரும் அந்த இடத்தில் தொண்ணூறு தொண்ணூறாகவே இருந்தால் விமானம் இறங்கும். அம்மா மறுபடி ஏதோ ஒரு தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்கார்வாள். தங்கை தனியாக உள்ளே போவாள். சுவரில் இருக்கும் அந்தப் புது நூலைக் கழற்றிவிடுவார்கள்.

ஒன்று நாற்பதுக்குப் பிரிண்டர் இருமியது. யாரும் அசையவில்லை. அவள்தான் போய் எடுத்தாள். ஒருமுறை படித்தாள். காகிதத்தைத் தராசிடம் நீட்டினாள்.

தராசு எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலப் படித்தார். “காற்று நீங்கள் எழுதிய இடத்தில், எழுதியதைவிடவும் தணிந்திருக்கிறது. எரிபொருள் திட்டத்தைவிட நூற்றுப் பத்து கிலோ அதிகம். இறங்கவில்லை. நேரே போகிறோம். பதினேழாம் வரிசை தூங்குகிறது.”

செய்தித்தாள் கீழே இறங்கியது. ஸ்கேல் எழுந்து அவள் மேஜையைத் தாண்டிப் போய் வரைபடத்தின் முன் நின்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். அந்த நீண்ட நூலை இறுக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் முடிச்சை அவிழ்த்து, நூலை ஒரு சாண் தளர்த்தி, மறுபடி கட்டினார். நூல் தெற்குப் பக்கமாகத் தொங்கி வளைந்தது.

“இறங்குறதுக்கு ஒரு கை கொடுங்கப்பா” என்றார். கை கொடுத்தது அவள்தான்.

விமானம் இங்கத்திய நேரப்படி நான்கு இருபத்தொன்பதுக்குத் தரை தொட்டது. ஆறு மணி நேரம் ஒன்பது நிமிடப் பயணம். அறையில் முதலில் கை தட்டியது யார் என்று பிறகு பெரிய விவாதம் நடந்தது. தராசு தான்தான் என்று இன்றுவரை சொல்கிறார். ஆனால் அது ஸ்கேல். அவள் பார்த்தாள்.

அரை மணி கழித்து அம்மாவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. “ஏண்டி, ஆறரை மணி நேரம்னு சொன்னே. இன்னும் இருபது நிமிஷம் இருக்குன்னு நிம்மதியாத் தூங்கிட்டிருக்கேன், ஊர் வந்துடுச்சுன்னு எழுப்பிட்டாங்க. கொண்டு வந்த புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை.”

“மன்னிச்சுக்கோம்மா.”

“பரவாயில்லை. அந்தக் கேப்டன் தம்பி வாசல்ல நின்னு எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். எதுக்குன்னு தெரியலை. சரி, வை. உன் தங்கச்சி அங்கே கையை ஆட்டிட்டு நிக்கிறா. இந்த வயித்தோட எதுக்கு வந்தா இவ?”

மறுநாள் மதியம் அவள் திட்ட அறைக்குள் நுழையும்போது போன் அதிர்ந்தது. படத்தில், உள்ளங்கை அகலச் சட்டையில், உலகத்தின் மேல் கோபமாக ஒரு சின்ன முகம். சட்டை பெரிதாக இருந்தது. தங்கையின் கையை அம்மாவின் கை பிடித்திருந்தது ஓரத்தில் தெரிந்தது. அவள் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதவருகேயே நின்றாள்.

மேஜையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ஸ்கேலின் கையெழுத்தில், மென்பொருளின் கடவுச்சொல். திரையில் பதினோரு வருடப் பழைய அந்த டிக் ஒரு கட்டம் கீழே, ‘மிகக் குறைந்த நேரம்’ என்ற இடத்துக்கு நகர்ந்திருந்தது.

“மேலிடத்துல பேசிட்டேன். அடுத்த மாசமும் வழி உண்டு, வாரத்துக்கு ரெண்டு” என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். “அதை விடு. இன்னைக்கு அந்த விமானம் இருந்தா எந்தப் பக்கம் வளைப்பே?”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காற்று வரைபடத்தைத் திறந்தாள். வடக்குப் பக்கம் ஆறு வற்றியிருந்தது.